சீப்பில் மீந்த முடி

சிஸ்டர் பெனடிக்டா அசுபிரி என்கிற அந்த ஆற்றங்கரை ஊரில் வந்து இறங்கியபோது அவளும் அவளுடைய மோட்டார் சைக்கிளும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். வடக்கிலிருந்து புழுதிக் காற்று அடிக்கும் மாதம் அது. மருத்துவமனையிலிருந்து வருகிற நர்ஸ் முதலில் ஊர்த்தலைவர் வீட்டுக்குத்தான் போவாள் என்று எல்லோரும் பார்த்திருக்க, அவள் நேராக டூஃபியின் தலைப்பின்னல் கொட்டகைக்கு வந்தாள். விவரமானவள். நான்கு கம்பும் ஒரு தகரமும்தான் அந்தக் கொட்டகை. ஆனால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் வாரம் ஒரு முறையாவது அங்கே தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"ஊருல உள்ள தலையெல்லாம் உன் கையிலதானாமே?" என்றாள் சிஸ்டர், தூசியைத் தட்டிக்கொண்டே.

"தலை மட்டுந்தான் சிஸ்டர். நாக்கு யாரு கையிலயும் இல்ல" என்றாள் டூஃபி. பெண்கள் சிரித்தார்கள்.

சிஸ்டர் பையிலிருந்து ஒரு கட்டு வெள்ளை உறைகளை எடுத்து வைத்ததும் சிரிப்பு நின்றது. ஆற்று மீனில் பாதரசம் இருக்கிறது, அதைத் தின்கிறவர்கள் உடம்பில் அது தங்குகிறது, எவ்வளவு தங்கியிருக்கிறது என்று முடியைப் பார்த்தால் தெரியும் என்றாள். பிடரியிலிருந்து ஒரு சிட்டிகை போதும். முக்கியமாகக் கர்ப்பிணிகள் கொடுக்க வேண்டும்.

"நீ தின்னுறதுதான் உன் புள்ளைக்குப் போய்ச் சேருது. வயித்துல இருக்கும்போதும் சரி, பால் குடிக்கும்போதும் சரி."

ஒருத்தியும் அசையவில்லை. பாதரசம் அவர்களுக்குப் புதிதல்ல. மேல்கரையில் தங்கம் கழுவுகிற ஆண்கள் எல்லோரும் பாட்டிலில் வைத்திருப்பது அதுதான். டூஃபியின் புருஷன் குவார்ட்டெங் அவளுடைய பழைய தலைத்துணியில்தான் பொன்னையும் பாதரசத்தையும் சேர்த்துப் பிழிவான். துணியை ஆற்றில் அலசுவான். பாதி ஊர் தங்கம் கழுவியது, மீதி ஊர் மீன் பிடித்தது, முழு ஊரும் மீன் தின்றது. அவர்களைத் தடுத்தது பாதரசமல்ல, அந்த உறை.

வெளியூரில் யாராவது செத்து உடம்பைக் கொண்டுவர முடியாமல் போனால், ஒரு பிடி முடியையும் நகத்தையும் உறையிலிட்டுக் கொண்டுவந்து புதைப்பார்கள். அதன் பிறகு அந்த ஆள் இருப்பது அந்தக் குழியில்தான்.

"உசுரோட இருக்கிறவ முடிய உறையில போட்டு ஊரு தாண்டி அனுப்பினா, அப்புறம் ஆளு எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

டூஃபிதான் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். "என் கத்திரிக்கோல்தானடி? வாரவாரம் தலைய என் மடியில வைக்கிறீங்க, ஒரு சிட்டிகை முடிக்கா பயம்?" பிறர் தலைக்குத் தைரியம் சொல்வது சுலபம். மாலைக்குள் முப்பத்தொரு உறைகள் நிறைந்தன.

"உன்னோடது?" என்றாள் சிஸ்டர், டூஃபியின் ஆறு மாத வயிற்றைப் பார்த்து.

"வீட்டுல போய் வெட்டிக் கொண்டாறேன் சிஸ்டர்."

இதற்கு முன் டூஃபி இரண்டு பிள்ளைகளை இழந்திருந்தாள். ஒன்று ஏழாம் மாதத்திலேயே போனது. மற்றது பிறந்து மூன்று நாள் இருந்தது. இந்த ஒன்றாவது தங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. இந்த நிலைமையில் தன் முடியைப் பிணத்தின் முடியைப்போல உறையிலிட்டுக் கொடுப்பாளா? மாட்டாள். வீட்டுக்குப் போனதும் ஸ்டூலில் ஏறி, உத்தரத்தின் மேலிருந்து ஒரு பழைய பால்மாவு டப்பாவை இறக்கினாள்.

அதற்குள் இருந்தது அஜெய்வாவின் முடி.

அஜெய்வா, மீன் புகைபோடும் போக்குவாவின் தங்கை. பத்தொன்பது வயது. கெளுத்தி மீன் தலையை அவள் சப்புகிற சத்தம் நாலு வீடு கேட்கும். 'ச்சுப், ச்சுப்' என்று உறிஞ்சி, நாக்கைத் தட்டி, மறுபடி உறிஞ்சுவாள். "மீனுக்கே வெக்கமா இருக்கும்டி" என்று எல்லோரும் கேலி செய்வார்கள். கடைசி வருஷத்தில் அவள் இடது கை நடுங்க ஆரம்பித்தது. உப்பு அள்ளினால் பாதி சிந்தும். பிறகு பேச்சு குழறியது, பக்கவாட்டில் வருகிறவர்கள் கண்ணில் படவில்லை. குடித்திருக்கிறாள் என்றார்கள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, ஆற்றுக்கு ஓய்வு நாள் என்று யாரும் போகாத நாளில், தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. தங்கத்துக்காகத் தோண்டித் தோண்டி ஆற்றின் அடியெல்லாம் பள்ளம். உடம்பு கிடைக்கவில்லை.

முந்தின நாள்தான் டூஃபி அவளுக்குத் தலை பின்னியிருந்தாள். போக்குவா ஓடிவந்து கேட்டாள். "சீப்புல ஏதாவது இருக்குமாடி? ஒரு பிடி இருந்தாப் போதும், அவளை மண்ணுல வச்சிருவேன்." சீப்பில் இருந்தது. ஆனால் டூஃபிக்கு அப்போது இரண்டு மாதம். செத்தவளின் சடங்குக்குத் தன் கையால் முடி கொடுத்தால் அந்தச் சாவு தன் வயிற்றைத் தேடி வரும் என்று பயந்தாள். எரித்துவிட்டேன் என்று பொய் சொன்னாள். உண்மையிலேயே எரிக்கவும் பயம், அந்தப் புகையை மூச்சில் இழுக்கவேண்டி வருமே என்று. முடி டப்பாவிலேயே கிடந்தது.

இப்போது அதை எடுத்துப் பிரித்தபோது டூஃபியின் கை நின்றது. ஒரு விரல் நீளத்துக்குத்தான் இருந்ததாக நினைவு. வெளியே வந்தது ஒரு முழம்.

சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு சிட்டிகை பிரித்து, நுனியில் நூல் கட்டி, உறையில் போட்டு, மேலே தன் பெயரை எழுதினாள். மீதியை என்ன செய்வது என்று டப்பாவைப் பார்த்தாள். மீதி இல்லை.

ஆறு வாரம் கழித்துச் சிஸ்டர் முடிவுகளோடு வந்தாள். மற்றவர்களிடம் கொட்டகையில் வைத்தே பேசியவள், டூஃபியை மட்டும் அவள் வீட்டுக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். காகிதத்தில் 27.4 என்று இருந்தது.

"ஊருலயே உனக்குத்தான் அதிகம். இதுல நாலுல ஒரு பங்கு இருந்தாலே நான் திட்டுவேன். இன்னியிலிருந்து ஆத்து மீனைத் தொடாத. கெளுத்திய கண்ணாலகூடப் பாக்காத."

டூஃபி தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் அதைத் துக்கம் என்று நினைத்தாள். டூஃபிக்கு உள்ளே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! அந்த எண் செத்தவளுடையது. செத்தவளுக்கு இனி என்ன வந்தால் என்ன? அன்று மாலை போக்குவாவிடம் ஒரு பெரிய கெளுத்தி வாங்கி, பனைப்பழக் குழம்பு வைத்து, சட்டியை வழித்துத் தின்றாள். தன் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. பாவம், நாமெல்லாம் அப்படித்தான்.

அதிலிருந்து ஒரு பசி பிடித்துக்கொண்டது. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. இரண்டு மீன் தின்றால் மூன்றாவதைக் கை தேடியது. "வயித்துல இருக்கிறது ஆம்பளப் புள்ளதான் போல, இந்தத் தீனி தின்னுது" என்று போக்குவா கிண்டல் செய்தாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பக்கத்து ஊரில் பெரிய சாவு. சிவப்பும் கறுப்பும் உடுத்திக்கொண்டு ஊரே வேன் ஏறிப் போய்விட்டது. கால் வீக்கத்தால் டூஃபி போகவில்லை. உச்சிப் பொழுது, ஆனாலும் புழுதி மூட்டத்தில் சூரியன் இருக்கிற இடம் தெரியவில்லை. எந்த வீட்டிலும் ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கிற சத்தம் இல்லை. ஒரு கோழிகூடக் கத்தவில்லை. கொட்டகையில் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு முதுகு வந்து சாய்ந்தது. யாரோ எதிரிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்திருந்தார்கள்.

"சாவுக்குப் போகலையா நீ? என்ன பின்னல் வேணும்?" என்றாள் டூஃபி, கொட்டாவியோடு.

"பழையதே போடுக்கா."

தொண்டை கட்டிய குரல். டூஃபி சீப்பை எடுத்தாள். முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை. அதற்கடியில் வேறொரு வாடை, பழைய காசை வாயில் வைத்தால் வருவது போல.

"ஆத்துக்கா போன? இன்னிக்கு வியாழக்கிழமைடி!"

 டூஃபி வகிடு எடுத்தாள். முதல் பின்னல். இரண்டாவது. பின்னல்காரிக்குக் கண் தேவையில்லை. முகம் மறந்தாலும் மண்டை மறக்காது. உச்சிக்குப் போன விரல்கள் ஒரு சுழியைத் தொட்டன.

பக்கத்திலேயே இன்னொரு சுழி. ஊரில் இரட்டைச் சுழி ஒருத்திக்குத்தான் இருந்தது.

அவள் விரல்கள் மெல்ல இடது காதுக்குப் பின்னால் இறங்கின. வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல இறங்கின.

அங்கே பள்ளம் இருந்தது. சின்ன வயதில் உரல் விளிம்பில் விழுந்து அஜெய்வாவுக்கு ஏற்பட்ட பள்ளம்.

 டூஃபியால் எழுந்திருக்க முடியவில்லை, மடியின் நடுவே அந்த முதுகு ஈரமாகக் கனத்தது. அவள் கைகள் மட்டும் தம் பாட்டுக்குப் பின்னிக்கொண்டே இருந்தன.

"ரொம்பப் பசிக்கும்க்கா அங்க" என்றது குரல், ரகசியம்போல. "இப்பப் பசிக்கிறதில்ல."

"ஏன்?" உதடு மட்டும்தான் அசைந்தது.

"உன் பேரு எழுதி அனுப்பினியே. இப்ப நீ தின்னுறதெல்லாம் எனக்கு வந்து சேருதுக்கா."

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

ச்சுப். ச்சுப்.

நாக்கைத் தட்டும் ஒலி.

மறுபடி, ச்சுப்.

அவள் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. வலிக்கிற மாதிரி உதைக்கவில்லை. கூப்பிட்டவருக்குத் திரும்புகிற மாதிரி அசைந்தது.

டூஃபி கண்களை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மடியில் கனம் குறைந்ததும் திறந்தாள். முக்காலி காலி. அதன் பலகை நனைந்திருந்தது. மண்ணில் காலடி இல்லை. சீப்பை உதறினாள்; பல்லிடுக்கிலிருந்து ஒரு வெள்ளித் துளி விழுந்து, உடைந்து, இரண்டாக உருண்டு, மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

மறுநாள் முதல் வேனில் மருத்துவமனைக்குப் போனாள். ஆவி வந்ததைச் சொல்லவில்லை. முடியை மாற்றியதை மட்டும் சொல்லி அழுதாள்.

 "அந்த எண்ணைப் பாத்து நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா?" என்றாள் சிஸ்டர். "நீ என்னடான்னா நமக்கில்லன்னு தின்னுட்டு இருந்திருக்க!"

"அந்த முடியத் திருப்பிக் குடுங்க சிஸ்டர். கொஞ்சம் இருந்தாப் போதும். புதைக்கணும்."

"முடிய அமிலத்துல கரைச்சுத்தான் பாப்பாங்க. ஒண்ணும் மிஞ்சாது."

சிஸ்டர் தன் கையாலேயே டூஃபியின் பிடரியிலிருந்து முடி வெட்டினாள். டூஃபி இந்த முறை தடுக்கவில்லை.

"மீன் இல்லன்னா எதைத் தின்னுறது சிஸ்டர்? எங்க ஊருல கறின்னா அதுதான்" என்று போகும்போது கேட்டாள். சிஸ்டர் பயறு, முட்டை என்று என்னவோ சொன்னாள்; சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு நாள் டூஃபி பயறு தின்றாள். ஐந்தாம் நாள் பிற்பகல் கண்விழித்தபோது தன் வீட்டில் இல்லை. போக்குவாவின் புகையடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி தின்ற கெளுத்தித் தலை. காலடியில் முள் குவிந்து கிடந்தது. எப்படி வந்தாள் என்று நினைவில்லை. போக்குவா கொஞ்ச தூரத்தில் விறகோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இப்படிச் சப்பித் தின்ன மாட்டியேடி" என்றாள் போக்குவா. 

குழந்தை பெண்ணாகப் பிறந்தது. அழுதது, பால் குடித்தது, மூன்றாம் நாளைத் தாண்டியது. இடது கை மட்டும் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்றான் குவார்ட்டெங். டூஃபி அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டாள். விட்டால் மறுபடி நடுங்கியது.

எட்டாம் நாள் பெயர் வைத்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில் அழகான பெயர் வைக்கமாட்டார்கள். சாவு ஆசைப்படாதபடி சுமினா என்று வைத்தார்கள்; குப்பைமேடு என்று அர்த்தம். குவார்ட்டெங்கின் பெரியப்பா குழந்தையை மடியில் வைத்து, நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." பிறகு ஒரு சொட்டுச் சாராயம். "சாராயம்னா சாராயம்னு சொல்லு. ஒண்ணை இன்னொண்ணா மாத்திச் சொல்லாத." எல்லாப் பிள்ளைக்கும் சொல்வதுதான். டூஃபிக்கு முகம் வெந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் சிஸ்டர் பெனடிக்டா நின்றிருந்தாள். டூஃபியை ஒதுக்குப்புறமாக அழைத்து ஒரு காகிதத்தை நீட்டினாள். 27.4.

"பழைய காகிதத்தையே தப்பா அனுப்பிட்டாங்கன்னு போன் போட்டுச் சண்டை போட்டேன். இல்லையாம். புது முடிதானாம். தேதியைப் பாரு" என்றாள். அவளுக்கும் அது புரியவில்லை.

டூஃபிக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் செத்தவளுக்கும் இப்போது ஒரே கணக்கு.

குழந்தையின் முதல் முடியை இறக்கவேண்டும். ஊரில் அதற்கும் டூஃபிதான். தன் பிள்ளையை வேறு யாரிடம் விடுவாள்? மடியில் கிடத்தி, தலையை நனைத்து, விரலால் தடவினாள்.

இரண்டு சுழி.

இடது காதுக்குப் பின்னால் ஒரு பள்ளம். எட்டு நாள் சிசுவின் மண்டையில், ஆறிப்போன பழைய பள்ளம்.

டூஃபியின் கை ஒரு கணம்தான் நின்றது. பிறகு பிளேடை எடுத்துப் பொறுமையாக, ஒரு கீறலும் படாமல் மழித்தாள். விழுந்த முடியில் ஓர் இழைகூட விடாமல் வெள்ளைத் துணியில் சேர்த்து முடிந்தாள். போக்குவாவை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு எரிச்சிட்டேன்னு சொன்னேனே, பொய். பயந்துட்டேன். உன் தங்கச்சி முடி என்கிட்டதான் இருந்துச்சு." துணியை நீட்டினாள். "இந்தா."

போக்குவா ஓங்கி ஓர் அறை விட்டாள். டூஃபி வாங்கிக்கொண்டாள். "ஏழு மாசம்டி! அவ மண்ணில்லாம அலையிறான்னு ஏழு மாசமா நான் சோத்துல கை வைக்கல" என்றாள் போக்குவா, பல்லைக் கடித்துக்கொண்டு. துணியைப் பிரித்து முடியை மூக்கருகே வைத்தாள். அவள் முகம் மாறியது. யாருடையது என்று கேட்கவில்லை. ஈரம் காயாத அந்தத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் அஜெய்வாவை அவள் அம்மாவின் பக்கத்தில் புதைத்தார்கள். ஒரு கைப்பிடி துணிக்கு முழு ஆள் நீளத்தில் குழி வெட்டச் சொன்னாள் போக்குவா. டூஃபியும் ஒரு பிடி மண் போட்டாள். திரும்பி வரும்போது பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குப் பசியே இல்லை. வயிறு தன்னுடையதாக இருந்தது. சுமினாவின் கை நடுங்காமல் இருந்ததை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போக்குவா ஒரு சட்டியோடு வந்தாள். பிள்ளை பெற்றவளை அறைந்த கை உறுத்தியிருக்கவேண்டும். பனைப்பழக் குழம்பு, நடுவில் ஒரு முழுக் கெளுத்தித் தலை.

"அடிச்சதை மனசுல வச்சுக்காதடி. குடி. பால் ஊறணுமில்ல."

"மனசுல ஒண்ணுமில்ல. ஆனா மீன் வேணாம் போக்குவா. இனிமே இந்த வீட்டுல ஆத்து மீன் கிடையாது" என்றாள் டூஃபி. சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது. கதவோரம் தரையில் சட்டியைத் தள்ளி வைத்தாள். குழந்தை சிணுங்கியது. சேலைபோல் சுற்றியிருந்த துணியை விலக்கி அதற்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.  வெளியே யார் வீட்டிலோ ஃபூஃபூ இடித்தார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும்போல இருந்தது.

ச்சுப்.

போக்குவா சட்டென்று நிமிர்ந்தாள்.

ச்சுப். ச்சுப்.

நாக்கைத் தட்டும் ஒலி.

"யாருடி அது?" என்றாள் போக்குவா, காற்றுக்கும் கேட்காத குரலில். எழுந்து கதவுக்கு வெளியே பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து சட்டியைப் பார்த்தாள். மீன் தலை வைத்தபடியே இருந்தது. குழம்பின் மேல் எண்ணெய் ஆடை கட்டியிருந்தது.

அவள் மெதுவாகத் திரும்பி டூஃபியைப் பார்த்தாள். டூஃபி குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழித்த தலையில் தண்ணீர் முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது. நடுங்கும் இடது கையால் மார்பைப் பற்றிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்தபடி, சுமினா பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

ச்சுப். ச்சுப்.